ஒரே துப்பாக்கி, வெவ்வேறு தோட்டா: பென்சில்வேனியாவில் உரோமத்தோல் விலங்கு வேட்டைக்கான ஷாட்கன் விதிகள்

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பென்சில்வேனியாவில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறீர்கள். உடன் வேலை செய்யும் நண்பரின் தந்தைக்குப் பண்ணை இருக்கிறது; அங்கே ரக்கூன்களும், சிறு ஓநாய் போன்ற கொயோட்டிகளும் கோழிக்கூண்டைச் சூறையாடுகின்றன. குளிர்காலத்தில் ஒரு நாள் வேட்டைக்கு வரும்படி அழைத்திருக்கிறார்கள், 12 கேஜ் ஷாட்கன் ஒன்றையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தோட்டாவைப் போடலாம், எத்தனை போடலாம், இரவில் போகலாமா, தோலை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மாநிலத்தில் வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் சில ஆண்டுகள் தன்னார்வலராக உதவியிருக்கிறேன். அங்கே வரும் புதியவர்களும் முதலில் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் விதிமீறல் பெரும்பாலும் துப்பாக்கியில் தொடங்குவதில்லை. அதைப் பிடித்திருப்பவரின் உரிமம், சுடப்படும் விலங்கு எந்த வகைக்குள் அடங்குகிறது என்பது, குழலுக்குள் இருக்கும் தோட்டா, நிற்கும் இடம் ஆகிய இவற்றில் ஏதோ ஒன்றில் தொடங்குகிறது. ஒரே துப்பாக்கி ஒரே நாளில் ஒரு தோட்டாவோடு சட்டத்துக்கு உட்பட்டதாகவும் வேறொரு தோட்டாவோடு குற்றமாகவும் இருக்க முடியும். எனவே உங்கள் கேள்விகளின் வரிசையைச் சற்று மாற்றிப் பதில் சொல்கிறேன்.

முதலில் உரோமத்தோல் விலங்கு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஃபர்பேரர் என்று சொல்லப்படும் இந்த வகை உயிரியல் வகைப்பாடு அன்று. சட்டம் வகுத்த பட்டியல். தோலுக்காகக் காலங்காலமாகப் பிடிக்கப்பட்ட ரக்கூன், சிவப்பு நரி, சாம்பல் நரி, பாப்கேட் என்னும் காட்டுப்பூனை, பீவர், மிங்க், மஸ்க்ரேட், நீர்நாய், ஒப்பொசம், ஸ்கங்க் போன்றவை அதில் வருகின்றன. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியச் சட்டத்தில் ரக்கூனும் சாம்பல் நரியும் உரோமத்தோல் விலங்குகள். கொயோட்டி, பாப்கேட், ஒப்பொசம் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை, வேறொரு தலைப்பின் கீழ் வருகின்றன. பென்சில்வேனியாவில் பாப்கேட்டும் ஒப்பொசமும் உரோமத்தோல் விலங்குகளே. ஆகவே வேறு மாநிலத்து நண்பர் சொல்லும் விதியை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பட்டியலில் இருப்பதாலேயே ஒரு விலங்கைச் சுடலாம் என்றும் ஆகிவிடாது. பென்சில்வேனியாவில் பீவர், மிங்க், மஸ்க்ரேட், நீர்நாய், ஃபிஷர் என்னும் மரநாய் போன்ற விலங்கு ஆகியவற்றுக்கான பருவங்கள் பொறி வைப்பவர்களுக்கு உரியவை. பண்ணைக் குளத்தின் கரையில் மஸ்க்ரேட்டைக் கண்டு ஷாட்கனைத் தூக்கினால், தோட்டா எதுவாக இருந்தாலும் அது தவறுதான். துப்பாக்கியோடு போகிறவருக்கு இங்கே நடைமுறையில் உள்ளவை ரக்கூன், இரு வகை நரிகள், கொயோட்டி, தனி அனுமதி பெற்றவருக்குப் பாப்கேட், இன்னும் ஓரிரண்டு சிறு விலங்குகள் மட்டுமே. இவற்றுள்ளும் ரக்கூனுக்கும் நரிக்கும் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும் பருவம் உண்டு. குளிரில்தான் உரோமம் அடர்ந்து தோல் முழு மதிப்பை அடையும் என்பதால் பருவமும் குளிர்காலத்தில் வைக்கப்பட்டது. கொயோட்டிக்கு இங்கே மூடிய பருவம் கிடையாது. பீவரின் கதை இந்தக் கட்டுப்பாடுகள் ஏன் வந்தன என்பதை நன்றாக விளக்கும்: தோல் வணிகத்தால் இந்த மாநிலத்தில் அது அற்றே போய், 1917-இல் விஸ்கான்சினிலிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் மீண்டும் பெருகியது. 1895-இல் நிறுவப்பட்ட பென்சில்வேனியா வேட்டை ஆணையம் இன்று இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதுவதற்கு அப்படிப்பட்ட இழப்புகள்தாம் காரணம்.

இனி உங்களைப் பற்றியது. இதுதான் பதிலின் மிக முக்கியமான பகுதி. நம்மவர்கள் பலர் அறியாமல் இருப்பதும் இதுவே. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்த வெளிநாட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது பொதுவாகவே குற்றம். எச்-1பி, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1998-இல் வந்த இந்தத் தடைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு; உங்களுக்குப் பயன்படக்கூடியது, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்டுக் காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்கும் நிலை. அந்த உரிமம் இருந்தால் துப்பாக்கியைத் தொடலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது. "நான் வாங்கவில்லை, நண்பருடையதைத்தான் சற்று நேரம் பிடித்தேன்" என்பது தற்காப்பு ஆகாது; சட்டம் உடைமையைப் பார்க்கவில்லை, கைவசம் இருந்ததா என்பதையே பார்க்கிறது. இந்தப் பிரிவுக்கான அதிகபட்சத் தண்டனை 2022-இல் 10 ஆண்டுகளிலிருந்து 15 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அத்தோடு துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கும் காரணமாகலாம்.

பென்சில்வேனியாவில் உரிம ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. ஜூலை முதல் வாரத்தில் பழைய உரிமத்தை நம்பி, புதுப்பிக்காமல், பண்ணையில் இலக்குப் பலகையைச் சுட்டுப் பழகினாலும் மேலே சொன்ன விதிவிலக்கின் நிழல் உங்கள் மீது இருக்காது. ஆகவே முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. விசா நிலை மாற்றம், பச்சை அட்டை விண்ணப்பம் போன்ற சிக்கல் ஏதேனும் நிலுவையில் இருந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் முன்கூட்டியே ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது. அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

எந்த உரிமம் என்பதில் அடுத்த குழப்பம் வரும். பென்சில்வேனியாவில் பொது வேட்டை உரிமம் ஒன்று, ஃபர்டேக்கர் உரிமம் என்ற உரோமத்தோல் விலங்குகளுக்கான உரிமம் இன்னொன்று. ரக்கூனையும் நரியையும் வேட்டையாட இரண்டாவது வேண்டும். கொயோட்டியை இரண்டில் எதை வைத்தும் வேட்டையாடலாம். பொது உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு கொயோட்டிக்காகக் காத்திருக்கும் ஒருவர் முன்னால் நரி வந்து நின்றால், பருவமே திறந்திருந்தாலும் அவர் சுடக்கூடாது. உங்கள் நிலைக்கு இரண்டையும் எடுத்துவிடச் சொல்வேன். கூட்டாட்சி விதிவிலக்கு வேட்டை உரிமம் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. பொது வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தச் சொல்லின் பொருளைப் பற்றி எந்த அதிகாரியிடமும் வாதாட வேண்டிய நிலை வராது. முதன்முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வகுப்பை இணையவழியில் முடிக்க வாய்ப்பிருந்தாலும் நேரில் போகவே நான் வற்புறுத்துவேன். துப்பாக்கியை வேலிக்கு மேல் எப்படிக் கைமாற்றுவது என்பதைத் திரையில் பார்த்துக் கற்க முடியாது.

"கோழியைப் பிடிக்கும் விலங்கைச் சுடப் பண்ணைக்காரருக்கு உரிமம் வேண்டாமே" என்று நண்பரின் தந்தை சொல்லக்கூடும். அவர் அளவில் அதில் உண்மை உண்டு. நிலத்தைப் பயிரிட்டுப் பிழைப்பவர் தம் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் விலங்கைக் கொல்ல மாநிலச் சட்டம் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அது அவருக்கும், பண்ணை வேலையில் பங்குபெறும் குடும்பத்தாருக்கும் ஆட்களுக்கும் உரியது. வார இறுதியில் விருந்தாளியாக வரும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது தோட்டாவுக்கு வருவோம். அமெரிக்கர்கள் கேஜ் என்று சொல்வதை நம் நாட்டில் போர் என்பார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் "12 போர்" என்ற சொல் புழங்கியிருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். அதன் விட்டம் 0.729 அங்குலம். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும்: 20 போர் 0.615 அங்குலம், 10 போர் 0.775 அங்குலம். பென்சில்வேனியாவில் உரோமத்தோல் விலங்குக்கு 10 போரைவிடப் பெரிய குழல் கூடாது. உங்களுக்குத் தரப்படும் 12 போர் அந்த வரம்புக்குள் இருக்கிறது. மேலும், 1934-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும், முழு நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. கடையில் வாங்கிய வேட்டைத் துப்பாக்கியில் இந்தக் கவலை எழாது. பழைய துப்பாக்கியின் குழலை யாரேனும் அறுத்துக் குட்டையாக்கியிருந்தால் அதைத் தொடாமல் விலகிவிடுங்கள்.

ஷாட்கன் தோட்டாவுக்குள் பெரும்பாலும் ஒரே குண்டு இருப்பதில்லை. நம்மூரில் பால்ரஸ் என்று சொல்லும் சிறு உருண்டைகள் போல ரவைகள் நிறைந்திருக்கும். ரவையின் அளவைக் குறிக்கும் எண்கள்தாம் புதியவர்களை மிகவும் தடுமாற வைப்பவை. சிறு ரவைகளுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: 17-இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் வருவது, நூறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் அதன் விட்டம். 6-ஆம் எண் ரவை 0.11 அங்குலம், 4-ஆம் எண் 0.13, 2-ஆம் எண் 0.15. அதற்குமேல் பக்ஷாட் என்ற பெரிய ரவை வரிசை தனியாகத் தொடங்குகிறது. அங்கேயும் எண்கள் உண்டு, கணக்கு வேறு. 4-ஆம் எண் பக்ஷாட் 0.24 அங்குலம், 1-ஆம் எண் பக்ஷாட் 0.30, 00 என்று எழுதும் இரட்டைச் சுழி பக்ஷாட் 0.33.

இந்த இடத்தில் நிதானமாக வாசியுங்கள். 4-ஆம் எண் ரவையும் 4-ஆம் எண் பக்ஷாட்டும் பெயரில் அருகருகே இருப்பவை. எடையில் ஒன்று மற்றதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். பென்சில்வேனிய விதிகளில் இந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு வேட்டைகளின் எல்லைக்கோடுகளாக நிற்கின்றன. முயல், அணில் போன்ற சிறு வேட்டைக்கு ஈய ரவை 4-ஆம் எண்ணைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. உரோமத்தோல் விலங்குகளுக்கு வரம்பு 4-ஆம் எண் பக்ஷாட் வரை நீள்கிறது. அதாவது கொயோட்டிக்காக வாங்கிய பெட்டியில் மிஞ்சிய தோட்டாவோடு மறுநாள் முயல் வேட்டைக்குப் போனால் குற்றம். இரட்டைச் சுழி பக்ஷாட்டைக் கொயோட்டிக்குப் பயன்படுத்தினாலும் குற்றம். பெட்டியின் மேல் "4" என்று மட்டும் பார்த்து எடுத்துவிடாமல், அதோடு பக் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விதியின் நடப்பு வாசகத்தை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள், எண்கள் திருத்தப்படுவதுண்டு.

வரம்பு ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு. ஈய உருண்டை அதிகபட்சம் எவ்வளவு தூரம் பறக்கும் என்பதை மதிப்பிட வேட்டைக்காரர்கள் பழைய பிரெஞ்சுச் சூத்திரம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: அங்குலத்தில் உள்ள விட்டத்தை 2200-ஆல் பெருக்கினால் கெஜக் கணக்கில் தூரம் கிடைக்கும். அதன்படி 4-ஆம் எண் ரவை ஏறக்குறைய 286 கெஜம் போகும். 4-ஆம் எண் பக்ஷாட் 528 கெஜம். இரட்டைச் சுழி 726 கெஜம். அடி விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறிய 0.22 ரிம்ஃபயர் ரைபிள் தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். வீடுகள் நெருக்கமாக உள்ள நாட்டுப்புறத்தில், அதிலும் இருட்டில் சுடும் வேட்டையில், ரவையின் அளவு என்பது அடுத்த பண்ணை வீட்டின் சன்னலைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

அதே காரணத்தால்தான் மாநிலத்தின் சில பகுதிகளில் ஷாட்கன் தவிர்க்க முடியாத கருவியாகிறது. பிலடெல்பியாவைச் சுற்றிய தென்கிழக்கு மாவட்டங்களும் பிட்ஸ்பர்க் அமைந்துள்ள அலிகெனி மாவட்டமும் சிறப்பு ஒழுங்கு மண்டலங்கள். அங்கே, தோட்டாவின் அடி நடுவில் அடித்து வெடிக்க வைக்கும் சென்டர்ஃபயர் ரைபிளுக்கு இடமில்லை. உரோமத்தோல் விலங்குக்கு ஷாட்கன், அல்லது 0.22 அல்லது அதற்குக் குறைந்த ரிம்ஃபயர் என்ற அளவில் நின்றுவிட வேண்டும். நண்பரின் பண்ணை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஷாட்கனோடு போகும்வரை இந்த வேறுபாடு உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. உடன் வருபவர் ரைபிளைக் கொண்டுவந்தால் பாதிக்கும்.

எத்தனை தோட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்றுக்குமேல் கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று என்ற எண் 1935 முதல் நிலவும் கூட்டாட்சி விதியிலிருந்து வருகிறது. வாத்து, புறா முதலிய வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது ஷாட்கனில் மொத்தம் மூன்று தோட்டாவுக்குமேல் கொள்ளாதபடி அடைப்பான் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பது அது. பறவைகள் மாநில எல்லைகளைக் கடப்பவை என்பதால் வாஷிங்டன் விதிக்கிறது. ரக்கூனும் நரியும் மாநிலத்தின் பொறுப்பு, ஆகவே அந்தக் கூட்டாட்சி விதி அவற்றைத் தொடுவதில்லை. ஆனால் பென்சில்வேனியாவின் சொந்தச் சட்டமே உரோமத்தோல் விலங்கு வேட்டையிலும் ஷாட்கனில் மொத்தம் மூன்று தோட்டாவுக்குமேல் கொள்ளாதபடி அடைப்பானைக் கேட்கிறது, ஆகவே அதைக் கழற்றக்கூடாது. நண்பர் காலையில் வாத்துக்கும் மாலையில் நரிக்கும் ஒரே துப்பாக்கியை எடுப்பவராக இருந்தால், கழற்றிய அடைப்பானை மறுபடி பொருத்த மறப்பது மிக எளிது. உரோமத்தோல் விலங்கு வேட்டையில் மூன்றாவது தோட்டாவுக்கே வேலை வருவது அரிது. அதற்குள் விலங்கு மறைந்திருக்கும்.

வாத்தும் நரியும் ஒரே நாளில் கலக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஈய ரவைகளை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சேறி மடிந்ததால், 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயமில்லாத ரவை கட்டாயம். சுடுவது மட்டுமன்றி, வாத்து வேட்டையில் இருக்கும்போது ஈயத் தோட்டாவைக் கைவசம் வைத்திருப்பதும் விதிமீறல். "வழியில் கொயோட்டி வந்தால் ஆகும்" என்று சட்டைப்பையில் இரண்டு ஈய பக்ஷாட் தோட்டாவைப் போட்டுக்கொண்டு வாத்து மறைவிடத்தில் உட்கார்ந்தால், கொயோட்டி வராமலே குற்றம் நிகழ்ந்துவிடுகிறது. உரோமத்தோல் விலங்குக்கு மட்டும் போகும் நாளில் பென்சில்வேனியா ஈயத்தைத் தடுக்கவில்லை. வேலை மாறிக் கலிபோர்னியாவுக்குப் போனால் நிலைமை தலைகீழ்: 2013-இல் இயற்றிய சட்டம் 2019 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்து, அங்கே எந்தக் காட்டுயிரை வேட்டையாடினாலும் ஈயமில்லாத தோட்டாதான். ஒரு காலத்தில் உலகில் 27 மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியக் காண்டார் கழுகுகள், சுடப்பட்ட விலங்குகளின் எஞ்சிய உடலைத் தின்று ஈய நஞ்சால் இறந்ததே அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வலி. தோலை உரித்துக்கொண்டு நரியின் உடலை வயலில் விட்டுவிடும் வழக்கம் உள்ள இந்த வேட்டையில் அது எனக்கு நியாயமாகவே படுகிறது. கழுகும் காக்கையும் அந்த உடலுக்குத்தான் வரும். சட்டம் கேட்காவிட்டாலும் எஞ்சிய உடலைப் புதைத்துவிடுங்கள். ஈயமில்லாத ரவையைப் பயன்படுத்த விரும்பினால் துப்பாக்கி அதற்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள்; பழைய குழல்களின் இறுக்கமான முனையை எஃகு ரவை சேதப்படுத்தும்.

கடன் வாங்கிய துப்பாக்கி என்பதால் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். குழலின் பக்கத்தில் 2¾ அங்குலம் என்று பொறித்திருந்தால் 3 அங்குலத் தோட்டாவை அதில் போடக்கூடாது. உள்ளே நுழைந்துவிடும், ஆனால் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். இரண்டாவதாக, 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் சிக்கிக்கொள்ளும். அதைக் கவனியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் தயாரிப்பது இதற்காகத்தான். இரண்டு அளவுத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்கவே வேண்டாம்.

எங்கே நிற்கலாம் என்பதற்கு வருவோம். பென்சில்வேனியாவில் ஆள் குடியிருக்கும் வீட்டைச் சுற்றி, குடியிருப்பவரின் அனுமதி இல்லாமல், 150 கெஜத்துக்குள் துப்பாக்கியால் வேட்டையாடக்கூடாது. பள்ளி, விளையாட்டுத் திடல் ஆகியவற்றுக்கும் இது போன்ற பாதுகாப்பு வட்டம் உண்டு. நியூயார்க்கில் அது 500 அடி, மிச்சிகனில் 450 அடி. நண்பரின் வீட்டுக்கு அவரே அனுமதி தருவார்; பக்கத்து வீட்டின் வட்டம் அவருடைய வயலுக்குள் நீண்டிருந்தால் அந்தப் பகுதிக்கு அவர் தரும் அனுமதி செல்லாது. பகலில் ஒருமுறை நடந்து எல்லையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு நில உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதியை 2019-இல் வந்த சட்டம் கேட்கிறது. எந்தக் கிழமையானாலும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருப்பது நல்ல பழக்கம். நிறமும் பெயரும் வேறுபட்ட ஒருவர் துப்பாக்கியோடு வயலில் நிற்பதைக் கண்டு அக்கம்பக்கத்தார் காவலரை அழைத்தால், அந்தத் தாள் பேச்சைச் சுருக்கும்.

தோட்டா போட்ட துப்பாக்கி வாகனத்துக்குள் இருக்கக்கூடாது. வாகனத்தின் மேலும், வாகனத்தில் சாய்த்தும் இருக்கக்கூடாது. பண்ணை லாரியின் பின்பக்கத்தில் நின்றபடி கொயோட்டியைச் சுடுவது பார்ப்பதற்கு எளிதாக இருக்கும். அது இங்கே குற்றம். இறங்கி, பொதுச்சாலையின் ஓடுபாதையிலிருந்து குறைந்தது 25 கெஜம் விலகிய பிறகுதான் தோட்டாவைப் போட வேண்டும்; சாலைக்குக் குறுக்காகச் சுடவே கூடாது.

இரவில் போகலாம். பெரும்பாலான விலங்குகளுக்கு இல்லாத இந்த உரிமை உரோமத்தோல் விலங்குகளுக்கு இருப்பதற்குக் காரணம், ரக்கூன் இரவாடி என்பதே. நாய்களை விட்டு ரக்கூனை மரத்தில் ஏற்றி, விளக்கடித்துச் சுடுவது இந்நாட்டின் பழைய வழக்கம். விளக்கைப் பற்றிய சட்டம் இரண்டு பக்கமும் கூர்மையானது: வாகனத்திலிருந்து ஒளி பாய்ச்சி விலங்குகளைப் பார்ப்பது இரவு 11 மணிக்குப் பிறகு சூரியன் உதிக்கும்வரை தடை, அந்த நேரத்துக்கு முன்பும், ஒளி பாய்ச்சும் வண்டியில் துப்பாக்கி இருக்கக்கூடாது. காலால் நடந்து ரக்கூன், நரி முதலியவற்றை வேட்டையாடுபவர் கையில் எடுத்துச் செல்லும் விளக்குக்கு மட்டுமே விதிவிலக்கு. வயலுக்குப் போகும் வழியில் ஜீப்பின் சன்னல் வழியாக "மான் இருக்கிறதா பார்ப்போம்" என்று யாரேனும் விளக்கடித்தால், பின்னிருக்கையில் கிடக்கும் துப்பாக்கியால் நீங்களும் சிக்கிக்கொள்வீர்கள். மான் திருட்டு வேட்டை இப்படித்தான் நடக்கும் என்பதால் அதிகாரிகள் இதில் இரக்கம் காட்டுவதில்லை.

இருட்டில் இரண்டு கண்கள் மின்னுவதைப் பார்த்துச் சுடுவது சட்டத்துக்கும் முறைக்கும் ஒவ்வாதது. பண்ணை நாய்க்கும் கண் மின்னும், கன்றுக்குட்டிக்கும் மின்னும். உடல் முழுவதும் தெரிந்து, இன்ன விலங்கு என்று உறுதியாகி, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்த பிறகே பாதுகாப்புப் பூட்டை விலக்க வேண்டும். மான் துப்பாக்கிப் பருவம் நடக்கும் நாட்களில் பகலில் கொயோட்டி தேடிப் போனால், தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாக 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும்.

ரவைகள் எவ்வளவு தூரத்தில் எப்படி விரியும் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். குழல் முனையின் இறுக்கத்தை சோக் என்பார்கள். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள், முழு சோக்கில் ஏறக்குறைய 70 விழுக்காடு ரவைகளும், மாடிஃபைடு என்ற நடுத்தர சோக்கில் 60 விழுக்காடும் விழும் என்பது பொதுவான அளவு. 12 போர் 2¾ அங்குலத் தோட்டாவில் 4-ஆம் எண் பக்ஷாட் வழக்கமாக 27 ரவைகள்தான்; கொயோட்டியின் உடல் அந்த வட்டத்தில் சிறு பங்கு மட்டுமே என்பதை நினைத்தால், 40 கெஜத்துக்கு அப்பால் சுடுவது காயப்படுத்தித் துரத்துவதாக முடியும் என்பது விளங்கும். உரிமம் வந்த பிறகு, ஒரு பெரிய தாளில் வட்டம் வரைந்து, நண்பரின் துப்பாக்கியால் அதே தோட்டாவை 25, 35, 40 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். வட்டத்தில் ஓட்டைகள் எங்கே இடைவெளி விடத் தொடங்குகின்றனவோ அதுதான் உங்கள் எல்லை. ரக்கூனுக்கு இவ்வளவு பெரிய ரவை தேவையே இல்லை. மரத்தின் மேல் 20 கெஜத்தில் இருப்பதற்கு 4-ஆம் அல்லது 2-ஆம் எண் சிறு ரவை போதும், தோலும் கிழியாது.

கடைசியாகத் தோல். பாப்கேட் உங்கள் திட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். இங்கே 2000-இல் மீண்டும் தொடங்கிய அந்த வேட்டைக்குத் தனி அனுமதி வேண்டும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் அது இருப்பதால் தோலை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். நரித்தோலைப் பதப்படுத்திச் சென்னைக்குக் கொண்டுபோவது எளிது என்று எண்ணியிருக்கலாம். இந்திய அரசு 2017 ஜனவரியில் நரி, மிங்க், சின்சில்லா ஆகியவற்றின் பதப்படுத்தாத உரோமத்தோல் இறக்குமதிக்குத் தடை விதித்தது. பதப்படுத்திய தோலாக இருந்தாலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நம் ஊர் சுங்க அதிகாரி பெட்டிக்குள் வால் தொங்கும் தோலைக் கண்டால், அது பென்சில்வேனியா நரியா உள்ளூர் நரியா என்று நிறுவும் சுமை உங்கள் தலையில்தான் விழும். தோலை அந்தப் பண்ணை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் தோல் வாங்கும் வியாபாரியை அறிந்திருப்பார்.